தேங்காய் மட்டையில் உறையும் சாயம்

வெள்ளை வேட்டி உடுத்து இளநீர் பருகுவோர் யாவரும் அறிந்த துன்பம் ஒன்று உண்டு. பருகும்போது துளி சிந்துகிறது. அவ்வேளையில் துணியில் ஒன்றும் தெரிவதில்லை. ஆடையைச் சவுக்காரமிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்திய பின்னரே, சிந்திய இடமெல்லாம் பழுப்பு நிறம் ஏறி நிற்கிறது. பிறகு எத்தனை முறை துவைத்தாலும் அக்கறை முற்றும் போவதில்லை. இளநீர் விற்பவரின் அரிவாளைக் கூர்ந்து பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டிருப்பர். சீவிய மட்டையின் வெண்மையான வெட்டுவாய் சிறிது நேரத்தில் செம்பழுப்பாகிறது. இரும்பு பட்டு நின்ற இடமோ கருமை கொள்கிறது.

நிறமற்றிருப்பது காற்றுப் பட்டுப் பழுப்பாவதும், சவுக்காரத்தின் காரத்தால் மேலும் ஆழ்ந்து பற்றுவதும், இரும்போடு சேர்ந்து கறுப்பதும் ஆகிய இம்மூன்றும் சாயத் தொழிலின் அடிப்படைகளே. தெருவோர இளநீர்க் கடையில் நாள்தோறும் நடக்கும் இச்செயலைத் தொட்டியிலும் நூலிலும் முறையாக நடத்த முடியுமா என்பதே நாம் இங்கு ஆராயப் போவது.

இதனை ஆராய நாம் முற்பட்டதற்குக் காரணம் ஒரு கிணறு. பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, தென்னந்தோப்பின் நடுவே இருந்த ஒரு கிணற்றிலிருந்து நீர் முகந்து நமக்குக் காட்டினார்கள். பால் விடாத தேநீரைப் போல் அந்நீர் பழுத்திருந்தது. அருகில் நார்த்தூளைக் கழுவிக் கட்டியாக்கும் களம் ஒன்று இருந்தது. கழுவிய நீர் வாய்க்காலில் ஓடி மண்ணில் இறங்கியிருந்தது. மாடும் அந்நீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றனர். அங்கிருந்த மகளிர் குழுவைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர், "ஏனுங்க, கிணத்தையே சாயத்தொட்டி ஆக்கிப் போட்டாங்க; இனி நூலை நனைக்கறதுதானுங்க பாக்கி" என்றார். கசப்போடு சொன்ன சொல்தான். ஆயினும் குழுவில் இளையவர் ஒருவர் அதனையே வினாவாகத் திருப்பி, "நெசமாவே நனைச்சாப் புடிக்குமுங்களா?" என்று கேட்டார். நாம் அன்று விடை கூற இயலாமல் திரும்பினோம். இக்கட்டுரை ஒருவகையில் அவருக்கு எழுதும் விடை எனலாம்.

மட்டையில் இருப்பது என்ன?

தேங்காயின் புறத்தோலுக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே மட்டை. தென்கோடியில் இதனைக் கதம்பை என்பர். கொங்கு நாட்டில் அதன் நாரை மஞ்சி என்று வழங்குவர். மட்டையை அடித்து நார் எடுக்கும்போது நாரைக் காட்டிலும் தூளே மிகுதியாக விழுகிறது. ஆயிரம் மட்டையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோ நார் கிடைத்தால், அதைப்போல் இரு மடங்கு தூள் சேரும். நார் கயிறாகவும் மெத்தையாகவும் மிதியடியாகவும் மாறிப் பயன் தருகிறது. தூள் நெடுங்காலம் சாலையோரங்களில் குன்றுபோல் குவிந்து கிடந்தது. இன்று அதனைக் கழுவி, அழுத்திக் கட்டியாக்கி, மண்ணில்லா வேளாண்மைக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறோம். குன்று கரைந்தது, ஆனால் கழுவிய நீர் கிணற்றில் இறங்கியது.

இத்தூள் எளிதில் மக்காமைக்குக் காரணம் அதிலுள்ள மரச்சத்தும் துவர்ப்பொருளும் ஆகும். துவர்ப்பொருளை அறிவியலார் டானின் என்பர். கடுக்காய், வேலம்பட்டை, ஆவாரம்பட்டை, தேயிலை, மாதுளந்தோல், வாழைப்பூ ஆகிய யாவற்றிலும் நாவைச் சுருக்கும் சுவையாக இருப்பது இதுவே. தேங்காய் மட்டையில் கேட்டசின், எபிகேட்டசின் எனப்படும் பொருள்களும், அவை ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட கூட்டுப்பொருள்களும் உள்ளன. தேயிலையில் இருப்பனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆகவே அந்தக் கிணற்று நீர் தேநீரைப் போல் தோன்றியது வெறும் உவமையன்று.

துவர்ப்பொருள் நீரிற் கரையும். வெந்நீரில் மிகுதியாகக் கரையும். சுண்ணாம்பு, சலவைச் சோடா போன்ற காரம் கலந்த நீரில் இன்னும் மிகுதியாகக் கரைந்து செம்பழுப்பாகும். காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து தானே நிறம் முதிரும். தோலைப் பதப்படுத்துவதற்கும் பருத்தி வலையைக் கடல்நீரில் உளுத்துப் போகாமல் காப்பதற்கும் நம் முன்னோர் பயன்படுத்திய பட்டைச் சாறுகள் யாவும் இக்குணத்தையே நம்பியவை. நைலான் வலை வந்த பின்னர்க் கடற்கரை ஊர்களில் அந்தப் பட்டைக் காய்ச்சும் அண்டாக்கள் மறைந்துவிட்டன.

கேரளத்துக் காயல்களிலும் நம் தென்கோடியிலும் பச்சை மட்டையை ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை நீரில் ஊறவைத்து வெண்ணார் எடுக்கும் வழக்கம் உண்டு. அவ்வாறு ஊறும்போது துவர்ப்பொருள் பெரும்பாலும் நீரிலே இறங்கிவிடுகிறது. நீர் கறுத்து, உயிர்வளி குன்றி, அழுகிய முட்டையின் நாற்றம் எழுவதும், அவ்விடத்தில் மீன் அருகுவதும் இதனாலேயே. எனவே ஊறிய மட்டையின் தூளைச் சாயத்திற்கென்று கொண்டுவருவதில் பயனில்லை. மழையில் பலமுறை நனைந்து கிடந்த குவியலும் அவ்வாறே. உரித்த சில நாட்களுக்குள் கிடைக்கும் ஊறாத மட்டையும், இயந்திரத்தில் அடித்து அன்றே விழுந்த தூளும், நகர்ப்புறங்களில் வண்டி வண்டியாகக் குப்பையிற் சேரும் இளநீர் மட்டையுமே நமக்கு வேண்டுவன.

சாறு இறக்கும் முறை

முழு மட்டையாயின் அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, இடித்துக்கொள்ள வேண்டும். ஆலையில் விழுந்த தூளாயின் சலித்து மணலையும் குறுநாரையும் நீக்கிவிடலாம். கடற்கரையை அடுத்த தோப்புகளின் மட்டையில் உப்பு மிகுதி. அதனைக் குளிர்ந்த நீரில் ஒரு முறை மட்டும் விரைவாக அலசி எடுப்பது நன்று. நெடுநேரம் அலசினால் உப்போடு சாயமும் போய்விடும்.

உலர்ந்த தூள் ஒரு கிலோவிற்குப் பத்து லிட்டர் நீர் என்ற அளவில் இரவு முழுதும் ஊறவிட வேண்டும். மறுநாள் எவர்சில்வர் அண்டாவில் ஒரு மணி நேரம், கொதி வந்தும் வராமலும் இருக்கும் சூட்டில் காய்ச்சி, துணியில் வடிகட்டினால் சாறு ஆயத்தம். எஞ்சிய சக்கையில் மேலும் ஐந்து லிட்டர் நீர் விட்டு மீண்டும் காய்ச்சினால் இரண்டாம் சாறு கிடைக்கும். அது மெலிந்த நிறத்திற்குப் பயன்படும். அடுத்த நாளின் முதற்சாற்றுக்கு நீராகவும் ஆகும். அண்டா இரும்பாயின் சாறு அப்போதே கறுத்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இளநீர்க்காரரின் அரிவாளை நினைவிற்கொண்டாற் போதும்.

ஆழ்ந்த நிறம் வேண்டுவோர் லிட்டருக்குப் பத்துக் கிராம் சலவைச் சோடா சேர்த்துக் காய்ச்சலாம். சாறு குருதிச் சிவப்பு கலந்த பழுப்பாக இறங்கும். பருத்திக்கு இது தீங்கில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் காரம் பகை. அவற்றைச் சாயமிடுமுன் புளிக்கரைசலோ காடியோ சிறிது சிறிதாக விட்டுக் காரத்தை மாற்ற வேண்டும். இதனை அறிவதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்திய தாள்துண்டு ஒன்றைச் சாற்றில் தோய்த்துப் பார்த்தால் போதும்: தாள் சிவந்தால் காரம் இருக்கிறது, மஞ்சளாகவே நின்றால் இல்லை. சாறு அடர்ந்த நிறமாயின் தாளின் சிவப்பு தெரியாது. ஒரு துளிச் சாற்றை நல்ல நீரில் கலந்து சோதிக்கலாம்.

இவ்விடத்தில் விறகைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். மூலப்பொருள் கழிவாதலின் சாயம் விலையின்றிக் கிடைக்கும் என்று எண்ணுவோர் பலர். சாறு காய்ச்சவும், நூலை வேகவைக்கவும், சாயமிடவும் ஆக மூன்று முறை அடுப்பு எரிகிறது. செலவு முழுதும் அங்கேதான். சாயத்திற்கு ஆகாத உலர்ந்த பழமட்டையையும் பாளையையும் பன்னாடையையும் எரிபொருளாகக் கொள்ளும் ஊருக்கே இத்தொழில் கட்டுப்படியாகும். விறகை விலைக்கு வாங்கும் ஊரில் கணக்குப் பார்த்த பின்னரே இறங்க வேண்டும்.

சாறு இரண்டு மூன்று நாட்களில் பூஞ்சணம் பூத்துக் கெடும். தட்டையான தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவைத்தால் பிசின்போல் காய்ந்து செதிலாக எழும். அதனை இடித்து ஈரம் புகாத கலத்தில் வைத்துக்கொள்ளலாம். மாரிக்காலத்தில் இது நடவாது.

நூலில் ஏற்றுதல்

புதிய பருத்தி நூலில் இயற்கையான மெழுகு உண்டு. அது போகாமல் எச்சாயமும் பற்றாது. நூற்சிட்டங்களைச் சவுக்காரமும் சிறிது சலவைச் சோடாவும் இட்ட நீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து அலச வேண்டும். அலசிய நூலின் மேல் நீர்த்துளி நில்லாமல் உடனே உறிஞ்சப்படின் நூல் பக்குவமாயிற்று என்று கொள்க.

ஒரு கிலோ நூலுக்கு ஒரு கிலோ மட்டைத்தூளின் சாறு என்பது தொடக்கக் கணக்கு. சாற்றை நீர் சேர்த்து இருபது லிட்டர் அளவாக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே நனைந்த சிட்டங்களை இறக்கி, மெல்லச் சூடேற்றி, கொதிக்குச் சற்றுக் கீழான சூட்டில் ஒரு மணி நேரம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பாமல் விட்ட சிட்டம் திட்டுத்திட்டாகவே வரும். பிறகு அடுப்பை அணைத்து, சாற்றிலேயே ஆறவிட்டு, பிழிந்து நிழலில் உலர்த்தினால் காற்றுப் பட்டு நிறம் முதிர்கிறது.

இந்நிலையில் கிடைப்பது மெல்லிய பழுப்பு. இதனைத் துவைத்தால் நிறத்திற் பாதி போய்விடும். துவர்ப்பொருள் தானாகப் பருத்தியை இறுகப் பற்றுவதில்லை. இடையில் ஓர் உலோக உப்பு நின்று இரண்டையும் கட்ட வேண்டும். இவ்வுப்பையே சாயமூன்றி என்பர். கிராமத்தில் எளிதிற் கிடைப்பவை இரண்டு: படிகாரம், அன்னபேதி.

படிகாரம் கிலோ நூலுக்கு 150 கிராம் என எடுத்து, இருபது லிட்டர் வெதுநீரில் கரைத்து, சாயமேறிய நூலை அரைமணி நேரம் அதில் வைத்து அலசினால், நிறம் ஆற்றுமணல் போன்ற இளம்பழுப்பாக நிற்கும். சோடா இட்டு இறக்கிய சாறாயின் அதில் செம்மை கூடும். கலம்காரி எழுதுவோர் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக்கொள்வர். நாமும் விரும்பினால் கடுக்காய் நீரில் நூலை முன்னரே தோய்க்கலாம். நிறம் இன்னும் உறுதிப்படும். ஆனால் கடுக்காய் விலைகொடுத்து வாங்கும் பொருள். மட்டையிலேயே துவர் இருக்கையில் அது எப்போதும் இன்றியமையாததன்று.

அன்னபேதி இரும்பின் உப்பு. இதில் இருபது கிராம் மட்டுமே ஒரு கிலோ நூலுக்குப் போதும். நூல் நீருக்குள் இறங்கியவுடன் கண்ணெதிரே பழுப்பு மறைந்து, எருமைத்தோலின் சாம்பல்நிறம் முதல் கரும்பழுப்பு வரை மாறுவதைப் பார்ப்போர்க்கு வியப்பே உண்டாகும். பத்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அன்னபேதி கிடையாத இடத்தில் கலம்காரிக்காரரின் வழியைக் கைக்கொள்ளலாம். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் இட்டுச் சில வாரம் புளிக்கவைத்தால் அதுவே இரும்பு நீர் ஆகிறது.

அளவை மீறுவது எவ்வளவு கேடு என்பதற்கு நாமே சான்று. கறுப்பு இன்னும் கறுக்கட்டும் என்ற ஆசையால் ஒருமுறை கைப்பிடி அன்னபேதியை அள்ளிப் போட்டு ஒரு துவாலையைச் சாயமிட்டோம். நல்ல கறுப்பாகவே வந்தது. ஆண்டு ஒன்று கழியுமுன் மடிப்புத்தோறும் கிழியத் தொடங்கிற்று. பழங்காலத்து அச்சுச் சேலைகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் காட்சிசாலைகளில் கறுப்புக் கோடுகள் இருந்த இடமே முதலில் உளுத்து உதிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். இரும்பு நிறத்தை நிறுத்துகிறது. மிகுந்தால் நூலைத் தின்கிறது. அன்னபேதி தொட்ட கையோடு படிகாரத் தொட்டிக்குச் செல்வதும் கூடாது. ஒரு துளி பட்டாலும் இளம்பழுப்புச் சேலையில் கரும்புள்ளி விழும். அதனைப் போக்க வழியில்லை.

மயில்துத்தமும் குரோமிய உப்பும் இதைவிட அழகிய நிறங்களைத் தரும் என்று சில நூல்களில் எழுதியிருக்கக் காணலாம். தருவது உண்மையே. எனினும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. குரோமியமோ மனிதர்க்கும் கொடிய நஞ்சு. 'இயற்கைச் சாயம்' என்று பெயரிட்டு இவற்றைத் தொட்டியில் இடுவோரின் சரக்கை நாம் அப்பெயரால் அழைக்க மாட்டோம். கிணற்றைக் காக்கப் புறப்பட்டவர் அதில் குரோமியத்தைச் சேர்ப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

எதனைத் தரும், எதனைத் தராது

பெர்க்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1856-ஆம் ஆண்டில் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டபின், சாயவேரும் அவுரியும் படிப்படியாக ஒதுங்கின. செயற்கை அவுரி 1897-இல் கடைக்கு வந்தது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு கழிந்து, 1994-இல் ஜெர்மனி சிலவகை அசோச் சாயங்களைப் புற்றுநோய் அச்சம் கருதித் தடைசெய்தபோது, ஏற்றுமதியாளர் பலர் பழைய சாயங்களைத் திரும்பிப் பார்த்தனர். திருப்பூரில் நொய்யலாறு சாயக்கழிவால் கெட்டதும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் நம் மாநிலத்தார் மறவாத செய்திகள். இயற்கைச் சாயம் என்றவுடன் ஆர்வம் எழுவது இவற்றாலேயே.

ஆர்வம் உண்மையை மறைத்துவிடக் கூடாது. தேங்காய் மட்டை சிவப்பைத் தராது, நீலத்தைத் தராது, கண்ணைப் பறிக்கும் மஞ்சளையும் தராது. பழுப்பும் மணலும் சாம்பலும் கரும்பழுப்புமே அதன் செல்வம். அவுரித் தொட்டியில் மீண்டும் தோய்த்தால் நீலம் கலந்த கருநிறம் பெறலாம். அது அவுரி நடத்தத் தெரிந்தவர் வேலை. இன்றைக்குச் சாயமிட்டதும் அடுத்த மாதம் சாயமிடுவதும் ஒரே நிறமாக இரா. மட்டை வேறு, நீர் வேறு, வெயில் வேறு. ஒரு சேலைக்கு வேண்டிய பாவு ஊடை இரண்டையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் முடித்துவிடுவதே அறிவுடைமை. எடையும் நேரமும் குறித்த ஏடு ஒன்றும், ஒவ்வொரு தொட்டியின் நூல்துண்டு ஒட்டிய அட்டை ஒன்றும் எப்போதும் கையிலிருக்க வேண்டும்.

நிறம் நிற்குமா என்பதை விற்பனைக்கு அனுப்புமுன் நாமே பார்த்துக்கொள்ளலாம். சாயமிட்ட துணியின் ஒரு பாதியைத் தடித்த அட்டையால் மூடி இருபது நாள் வெயிலில் வைக்கலாம். மற்றொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து ஐந்து முறை சவுக்காரத்தில் துவைக்கலாம். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேற்றுமை பெரிதாயின், அல்லது வெள்ளைத் துணியில் கறை இறங்கினால், அச்சரக்கைத் தொடையில் பூசிய மருந்துபோல் மறைத்து விற்க முயலக் கூடாது. ஆய்வுக்கூடங்களில் துவைப்புக்கு 1 முதல் 5 வரையும், வெயிலுக்கு 1 முதல் 8 வரையும் மதிப்பெண் இடுவர். எண் உயர உயர உறுதியும் உயர்ந்தது. நெசவாளர் சேவை மையங்களில் சாயப் பிரிவுகள் இயங்குகின்றன. வாங்குவோர் மதிப்பெண் கேட்டால் அங்கே அணுகலாம்.

இனி அவ்விளம்பெண் கேட்ட வினாவிற்கு வருவோம். கிணற்று நீரில் நூலை நனைத்தால் பிடிக்குமா? பிடிக்கும், ஆனால் மிகவும் வெளிறிப் பிடிக்கும். தூளைக் கழுவிய நீர் பெரிதும் நீர்த்தது. அதனை வற்றக் காய்ச்ச ஆகும் விறகைக் கொண்டு புதுத்தூளில் பல தொட்டிச் சாறு இறக்கிவிடலாம். கழுவும் களத்தின் முதல் ஊறல்நீர் மட்டும் ஓரளவு அடர்ந்திருக்கும். அதனைத் தனித்தொட்டியில் பிடித்து, சாறு காய்ச்சும் நீராகப் பயன்படுத்துவது தகும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அதனைச் சொல்லாமல் விட்டால் நாம் அம்மகளிரை ஏமாற்றியவர் ஆவோம். நாளொன்றுக்குப் பதினாயிரம் மட்டை அடிக்கும் ஆலையில் 1,600 கிலோவுக்குக் குறையாத தூள் விழும். பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு சாயக்கூடம் முயன்றால் நாளைக்கு 25 கிலோ நூல் சாயமிடலாம். அதற்கு வேண்டும் தூள் 25 கிலோ. அறுபத்துநான்கில் ஒரு பங்கு! ஆகவே சாயத்தொழில் பிழைப்புக்கு ஒரு வழி ஆகலாமேயன்றிக் கிணற்றுக்கு மருந்து ஆகாது. கழுவிய நீரை மண்ணில் விடாமல் கட்டிய தொட்டியில் தேக்கி, தெளியவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டைக் களத்து உரிமையாளரே செய்தாக வேண்டும். 'எங்கள் கழிவிலிருந்து சாயம் எடுக்கிறார்கள்' என்று ஒரு மூட்டைத் தூளைக் கொடுத்துவிட்டு எஞ்சியதைப் பழையபடி நடத்துவதற்கு இக்கட்டுரை சாக்காகிவிடக் கூடாது.

ஆயினும் 25 கிலோ நூல் என்பதும் சிறிதன்று. சேலைக்குச் சற்றேறக்குறைய அரைக்கிலோ நூல் என்று கொண்டால் ஐம்பது சேலைக்கு ஆகும். நெய்வோர் அருகில் இருந்து, முன்கூட்டியே நிறம் சொல்லி வாங்கிக்கொள்வாராயின் தொடங்கலாம். வாங்குவோரைத் தேடாமல் முதலில் தொட்டிகட்டுவது தலைகீழான வேலை. ஐந்து கிலோ நூலில் தொடங்கி, நான்கு நிறத்தில் அட்டை செய்து, அதனை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கங்களையும் கைத்தறிக் கடைகளையும் பார்த்து வருவதே முதல் மாதத்து வேலையாக இருக்கட்டும்.

சாயமிட்ட பின் எஞ்சும் நீரை என் செய்வது? மட்டைச்சாறு தீர்ந்த நீரை வீணாக்காமல் அடுத்த தொட்டிக்கு ஊற்றலாம். பல முறை பயன்பட்டு வெளிறிய பின் ஆழமற்ற சிமெண்டுத் தொட்டியில் ஆவியாக விடலாம். படிகார நீரையும் அன்னபேதி நீரையும் அவ்வவ்விடத்திலேயே வலுவேற்றி மறுபடி பயன்படுத்த வேண்டும். கழிக்க நேரும்போது இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்த்துச் சுண்ணாம்புநீர் விட்டால் உலோகம் சேறாக அடியில் படியும். தெளிந்த நீரையும் கிணற்றுப் பக்கம் விடாமல் ஆவியாக்கவே வேண்டும். சேற்றை உலர்த்தித் தனியே வைக்க வேண்டும்.

சாறு இறங்கிய சக்கையோ முன்னைவிட மேலான பொருள். பயிரின் வேரைத் தடுக்கும் துவர் அதிலிருந்து பெரும்பகுதி போய்விட்டமையின் எருவாக்க எளிது. சோடா இட்டுக் காய்ச்சிய சக்கையை மட்டும் நல்ல நீரில் அலசி எடுக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரவச் செய்த முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 குப்பிச் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் குன்றாமல் நிழலில் வைத்தால் ஏறத்தாழ 60 நாட்களில் கறுத்து மக்கிய எரு கிடைக்கும். சாயக்கூடத்துச் சக்கை ஒரு டன் சேர நாற்பது நாளாகும். அதுவரை அதனை மழைபடாத கொட்டகையில் பரப்பி உலர்த்தி வைத்தல் வேண்டும். ஈரத்தோடு குவித்தால் சூடேறிப் புழுங்கும்.